உதடு அசையும்

அவருக்கு உதடு அசையும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மடியில் பொம்மையை வைத்துக்கொண்டு, தான் சும்மா இருப்பதுபோலவும் பொம்மைதான் பேசுவதுபோலவும் குரல் கொடுக்கிறவருக்கு உதடு அசையக்கூடாது. இவருக்கு அசைந்தது. மறைப்பதற்காக மேல் உதட்டை மூடும் அளவுக்கு மீசை வளர்த்தார். மீசையும் சேர்ந்து அசைந்தது.

போன மாதம் டெக்சாஸில், பேர்லேண்டில், மகன் வீட்டில் அவர் இறந்துபோனார். அன்றிலிருந்து எங்கள் பழைய நியூ ஜெர்சி ஆட்கள் அவரைப் பெரிய கலைஞர் என்று மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். உதடு இம்மியும் அசையாதாம். இப்படி எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அந்தக் காலத்தில் அவர் முதுகுக்குப் பின்னால் மூக்குக்குக் கீழே விரலை வைத்து ஆட்டிக் காட்டிச் சிரித்தவர்கள். உயிரோடு இருந்தபோது ஒரு நல்ல வார்த்தை சொல்லாதவர்கள் செத்த பிறகு பொய்யாகப் புகழ்ந்தால் எனக்குப் பிடிக்காது. அவரிடம் புகழ வேண்டியது வேறு ஒன்று இருந்தது. அது இவர்களுக்குத் தெரியாது. என் மகள் ஜெனியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் அப்போது நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் இருந்தோம். தமிழ் டிவி என்று இங்கே எதுவும் வராத காலம். ஊர் கேபிள் நிலையத்தில் உள்ளூர்க்காரர் யார் கேட்டாலும் அரை மணி நேரம் இலவசமாகக் கொடுப்பார்கள். ஒருவர் யோகா சொல்லிக்கொடுத்தார். ஒருவர் தன் மீன் தொட்டிகளைக் காட்டினார். சனிக்கிழமை காலையில் இவர் தமிழ்ப் பிள்ளைகளை வைத்து வினாடி வினா நடத்தினார். பகலில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. மிச்ச நேரமெல்லாம் இதுதான்.

ஸ்டுடியோ என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஜன்னல் இல்லாத ஓர் அறை. மடக்கு மேசை ஒன்று, அதன்மேல் தரைவரை தொங்கும் நீல விரிப்பு, நாலு நாற்காலி. பிள்ளைகள் அழுத்துவதற்குப் பொத்தான் வாங்க வசதியில்லை. ஆளுக்கொரு எவர்சில்வர் தம்ளரும் ஸ்பூனும் வைத்திருப்பார். விடை தெரிந்தவன் தட்ட வேண்டும். தெரியாதவனும் தட்டுவான். அந்தச் சத்தத்தில் பெற்றோர்களுக்குத் தலை வலிக்கும்.

பொம்மையின் பெயர் தங்கராசு. யாரோ வீட்டைக் காலி செய்யும்போது வாசலில் போட்டு விற்ற வெள்ளைக்காரப் பொம்மை அது. பழுப்பு பெயின்ட் அடித்து, வேட்டி கட்டி, தமிழனாக்கியிருந்தார். தாடைப் பக்கம் பெயின்ட் உரிந்து ரோஸ் தோல் தெரியும். ஏன் சார் தங்கராசு என்று ஒருமுறை கேட்டேன். உதட்டை ஒட்டாமல் சொல்லக்கூடிய பெயராகத் தேடினாராம். ப, ம, வ மூன்றும் உதடு ஒட்டாமல் வராது, அதனால் தங்கராசு அந்த எழுத்துகள் இருக்கிற எதையும் பேச மாட்டான் என்றார். மற்றவற்றுக்கும் உங்களுக்கு உதடு அசைகிறதே என்று கேட்டேன். "தெரியுதாம்மா?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

தங்கராசுக்கு இங்கிலீஷ் தெரியாது. அது நிகழ்ச்சியின் சட்டம். இங்கே பிறந்த பிள்ளைகள் தமிழில் கேட்டால் இங்கிலீஷில்தான் பதில் சொல்வார்கள். சொன்னால் பொம்மை தலையை மெதுவாகத் திருப்பி மூக்கால் பேசும்: "எனக்குத் தெரியாது. நீ சொல்லு." திரும்ப இங்கிலீஷில் சொன்னால் திரும்பவும் அதே. கடைசியில் பிள்ளை தட்டுத் தடுமாறித் தமிழில் சொல்லும். பெற்றோர் கத்தியும் வராத தமிழ் அந்தப் பொம்மைக்கு வந்தது.

இன்னொரு சட்டமும் இருந்தது. அதை அவர் யாருக்கும் சொல்லவில்லை. யாரையும் அவர் தப்பு என்று சொல்ல மாட்டார். தமிழ்நாட்டின் தலைநகரம் எது என்று அவர் கேட்க, ஒரு பையன் திருச்சி என்றால், உடனே தங்கராசு துள்ளிக் குதித்து, "இல்ல, இல்ல, எடிசன்!" என்பான். எடிசன் எங்களுக்குப் பக்கத்து ஊர். எல்லாப் பிள்ளைகளும் சிரிக்கும், திருச்சி சொன்னவனும் சிரிப்பான். இவர் பொம்மையைப் பார்த்து, "டேய், உன்னைவிட அந்தத் தம்பி எவ்வளவோ பரவால்ல. சென்னைடா" என்பார். அவமானம் முழுவதும் மரக்கட்டைக்குப் போய்விடும்.

நிகழ்ச்சிக்கு வெளியிலும் அவர் அப்படித்தான். பொம்மை இல்லாத இடத்தில் தானே பொம்மையாகிவிடுவார். தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவில், அப்போதுதான் கல்யாணமாகி வந்த ஒரு பெண் சர்க்கரைப் பொங்கலில் உப்பைக் கொட்டிவிட்டாள். மாமியார்கள் வயதில் இருந்தவர்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். இவர் நடுவில் புகுந்து, நான்தான் டப்பாவை மாற்றி வைத்துவிட்டேன் என்றார். அவர் அந்தச் சமையலறைப் பக்கமே போகவில்லை. காலையிலிருந்து நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஏன் சார் இப்படிப் பொய் சொல்கிறீர்கள் என்று தனியாகக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் ஆகாதும்மா. அது புதுசா வந்த பொண்ணு" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. யாருக்கும் வலிக்கக்கூடாது என்பதற்காக எந்தப் பொய்யையும் சொல்கிற ஆளை முழுசாக நம்ப முடியாது. அதை அப்போதே சொன்னேன். சிரித்துக்கொண்டார்.

ஜெனி விஷயத்துக்கு வருகிறேன். அவளுக்கு அப்போது ஆறு வயது. வீட்டில் வாய் மூடாமல் பேசுவாள். வீட்டு வாசலைத் தாண்டினால் ஒரு சொல் வராது. பள்ளியில், சர்ச்சில், கடையில், யாரிடமும் இல்லை. பிடிவாதம் என்றார்கள், திமிர் என்றார்கள். சர்ச்சில் ஒரு ஆன்ட்டி என் முன்னாலேயே இவள் ஊமையா என்று கேட்டாள். நான் அவளுக்குக் கொடுத்த பதிலை இங்கே எழுத முடியாது.

பள்ளி கவுன்சிலர் எங்களைக் கூப்பிட்டு, இரண்டு மொழி இருப்பதால் குழந்தை குழம்புகிறது, வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள் என்றாள். அப்போது எங்களை மாதிரி வீடுகளில் பள்ளி சொன்னால் அது கோர்ட்டு தீர்ப்பு. என் வீட்டுக்காரர் அன்று மாலையே தமிழை நிறுத்தினார். அப்பாவும் அம்மாவும் திடீரென்று வேறு மனிதர்கள் மாதிரிப் பேசினால் குழந்தை என்ன செய்யும்? வீட்டிலும் பேச்சைக் குறைத்தாள். இப்படியே போனால் அவளுக்குப் பேச்சே நின்றுவிடும் என்று பயந்தேன். வருஷக் கடைசிக்குள் முன்னேற்றம் தெரியாவிட்டால் தனி வகுப்புக்கு மாற்றிவிடுவோம் என்று பள்ளியும் சொல்லியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவர் போன் செய்தார். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், நாற்காலி ஒன்று காலி, ஜெனியை அனுப்ப முடியுமா என்று கேட்டார். அவள் பேச மாட்டாள் சார் என்றேன். "பரவால்லம்மா, மைக்கைப் பாத்தா பாதிப் பேரு பேச மாட்டாங்க. தம்ளர் தட்டுவா இல்ல?" என்றார். தங்கராசுவை டிவியில் பார்க்கிறபோது மட்டும் ஜெனி முகம் வேறு மாதிரி ஆகும். அதனால் அழைத்துப் போனோம்.

கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப நேரம் தட்டவில்லை. இந்தியாவின் தேசியப் பறவை எது என்று அவர் கேட்டபோது தம்ளரில் ஒரு தட்டு தட்டினாள். கேமரா அவள் பக்கம் திரும்பியது. எல்லாரும் அவளையே பார்த்தோம். அவள் வாய் திறந்தது. அவர் கையிலிருந்த கேள்வி அட்டை கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார். அவள் வாய் திறந்தது.

"மயில்."

சின்னக் குரல், ஆனால் தெளிவாகக் கேட்டது. என் வீட்டுக்காரர் அழுதார். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் வந்து கையைப் பிடித்தார்கள். காரில் திரும்பும்போது ஜெனியைக் கொஞ்சிக்கொண்டே வந்தோம். அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தோம்.

நிகழ்ச்சியில் வந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர் ஒரு வீடியோ டேப் கொடுப்பார். அதை என் வீட்டுக்காரர் பள்ளிக்கு எடுத்துப்போனார், என் மகள் டிவியில் பேசியிருக்கிறாள், தனி வகுப்பு தேவையில்லை என்று காட்ட. டீச்சருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வகுப்புக்குள் டிவியைத் தள்ளிக்கொண்டு வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டுக் காட்டினாள். பிறகு ஜெனியை எழுப்பி நிறுத்தி, எங்களுக்கும் அந்த வார்த்தையைச் சொல் என்றாள். நல்ல எண்ணம்தான். ஜெனி நின்றாள். டீச்சர் காத்திருந்தாள். வகுப்பே காத்திருந்தது. நின்ற இடத்திலேயே ஜெனிக்குச் சிறுநீர் போய்விட்டது.

பள்ளி நர்ஸ் கொடுத்த பெரிய பேன்ட்டோடு, தன் துணியை பிளாஸ்டிக் பையில் தூக்கிக்கொண்டு வந்தாள். குளிப்பாட்டும்போது வெகுநேரம் கழித்து வாயைத் திறந்தாள்.

"நான் சொல்லலம்மா. தங்கராசுதான் சொன்னான்."

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு டேப்பைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஜெனியின் உதடு மூடித் திறக்கிறது. மயில் என்றுதான் அசைகிறது. ஆனால் குரல் ஒரு நொடி தள்ளி வருகிறது. அவர் ஏன் குனிந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்தச் சொல்லில் ம இருக்கிறது. உதட்டை ஒட்டித்தான் ஆக வேண்டும். மேசைக்குக் கீழே முகத்தை மறைத்துக்கொண்டு ஒட்டியிருக்கிறார்.

ஜெனியை வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுக் காரை எடுத்தேன்.

அவர் கதவைத் திறந்தபோது பொம்மை கையில் இருந்தது. பழகிக்கொண்டிருந்திருக்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் வழக்கம்போல் பொம்மையின் தலை என் பக்கம் திரும்பியது.

"பொம்மையக் கீழ வைங்க சார்" என்றேன்.

வைத்தார்.

"யாரைக் கேட்டு என் பொண்ணு வாயில பேசினீங்க?"

நான் வகுப்பில் நடந்ததைச் சொன்னேன். பிளாஸ்டிக் பையைச் சொன்னேன். அவள் வாயில் இல்லாத குரலை நீங்கள் வைத்தீர்கள், அதை அவள் திருப்பிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது, அவளால் முடியவில்லை என்றேன். இன்னும் மோசமாகவும் பேசினேன். அவர் உட்காரவில்லை, என்னையும் உட்காரச் சொல்லவில்லை. நான் முடிக்கும்வரை நின்றார்.

"அவ உதடு அசைஞ்சதும்மா. சத்தம் மட்டும் வரல. எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. என்னால பாக்க முடியல." பிறகு, "தப்பு பண்ணிட்டேன்" என்றார்.

எந்தப் பிள்ளையிடமும் அவர் சொல்லாத சொல் அது. எனக்கு அது போதவில்லை. தப்பு என்று என்னிடம் சொல்லி என்ன பயன், பள்ளியில் வந்து சொல்லுங்கள் என்றேன். வருகிறேன் என்றார்.

சொன்னபடி லீவு போட்டு, டை கட்டி, ஜிம்முக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் பை ஒன்றில் பொம்மையை எடுத்துக்கொண்டு வந்தார். குழந்தைகள் உட்காரும் நாற்காலிகளில் முட்டி நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தோம். டேப்பில் பேசியது அந்தக் குழந்தை இல்லை, நான்தான் என்று அவர் கவுன்சிலரிடம் இங்கிலீஷில் சொன்னார். அவள் நம்பவில்லை. இவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அந்தக் குரலா என்றாள். அவர் எழுந்து, அந்தக் குட்டி மேசைக்கு அடியில் குனிந்து, டையைத் தரையில் புரளவிட்டு, "மயில்" என்றார். அந்தக் குரல் என்னிடமிருந்து வந்ததுபோல் அவள் அனிச்சையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கவும் தொடங்கினாள். மேசைக்கு அடியிலிருந்து எழுந்த அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

குழந்தை விடையைச் சொல்லிவிட்டாள், சத்தம்தான் வரவில்லை, அது வரும்வரை நான் காத்திருந்திருக்க வேண்டும் என்று அவர் சொன்னார். இனிமேல் யாரும் அவளை எழுப்பி நிறுத்தாமல் இருந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டார். நானும் என் பங்குக்கு, இனி எங்கள் வீட்டில் தமிழ்தான் பேசுவோம் என்று சொன்னேன். கவுன்சிலர் எழுதிக்கொண்டாள். தனி வகுப்புப் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

சங்கத்தில் எல்லாரிடமும் உண்மையைச் சொல்லிவிடப்போகிறேன் என்று பார்க்கிங்கில் நின்று சொன்னேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் மற்ற பிள்ளைகள் ஜெனியைக் கேலி செய்வார்களே என்றார். அதற்காக மட்டும் வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் சர்ச்சிலிருந்து திரும்பியபோது வாசலில் அந்தப் பையோடு நின்றார். நான் உள்ளே கூப்பிடவில்லை. அவரும் வரவில்லை. ஜெனியைப் பார்க்காமல், பையைத் திறந்து பொம்மையை எடுத்துக் காட்டிக்கொண்டு பேசினார்.

"இவனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. டாக்டர் பேசக்கூடாதுன்னுட்டார். என்கிட்ட இருந்தா நான் பேச வெச்சிடுவேன். கொஞ்ச நாள் இங்க இருக்கட்டும்." முதுகுக்குப் பின்னால் கைவிடும் இடத்தையும், வாயை ஆட்டும் கம்பியையும் காட்டினார். "இது சும்மா. பிடிச்சா ஆட்டலாம், இல்லன்னா விட்டுடலாம்."

இரண்டு நாள் பொம்மை சோபாவில் கிடந்தது. மூன்றாம் நாள் நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து மூக்கால் பேசும் குரல் கேட்டது. தங்கராசு யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். "எனக்கு அந்த ஸ்கூல் பிடிக்கல. அந்த டிவியும் பிடிக்கல. நான் ஒண்ணும் பேபி இல்ல." எல்லாம் தமிழில். கத்தியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். போய் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நின்றுபோயிருக்கும்.

அவர் பொம்மையைத் திரும்ப வாங்க வந்தபோது ஜெனி கொடுக்கவில்லை. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு பொம்மையை மட்டும் வெளியே நீட்டினாள். அதன் வாய் அசைந்தது.

"ஜெனி இல்லாம நான் வரமாட்டேன்."

வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவரிடம் என் மகள் பேசிய முதல் பேச்சு. நான் எதுவும் சொல்லிவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவர் ஜெனி பக்கம் திரும்பவே இல்லை. பொம்மையைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"சரிடா. ஆனா நாற்காலி நாலுதான் இருக்கு. மேசைக்கு அடியில உக்காருவாளான்னு கேளு."

பொம்மை ஜெனியைத் திரும்பிப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது. "உக்காருவா" என்றது.

அந்தச் சனிக்கிழமை நீல விரிப்புக்கு அடியில் ஜெனி ஒரு தலையணையில் உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே இருப்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். அவர் பொம்மையின் வாயை ஆட்டினார், பேசியது அவள். ஆரம்பத்தில் வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போனது. பிறகு சேர்ந்துகொண்டது.

முதல் நாற்காலியில் சங்கத் தலைவரின் பையன். தலைவர் ரியல் எஸ்டேட்காரர், எல்லா விழாவுக்கும் விளம்பரம் கொடுப்பவர். கேமராவுக்குப் பின்னால் நின்று பையனுக்கு வாயசைத்து விடை சொல்லிக்கொடுப்பது அவர் வழக்கம். பழங்களின் ராஜா எது என்ற கேள்வி வந்தது. அப்பா எவ்வளவோ வாயசைத்தும் பையன் வாழைப்பழம் என்றான். இப்போது தங்கராசு அதைவிட முட்டாள்தனமாக ஏதாவது சொல்ல வேண்டும்.

"தப்பு" என்றான் தங்கராசு.

பொம்மையின் வாயை ஆட்ட மறந்து உட்கார்ந்திருந்தவர் அவசரமாக ஆட்டத் தொடங்கினார்.

"தப்பு, தப்பு, தப்பு. மாம்பழம்."

யாரையும் தப்பு என்று சொல்லாத நிகழ்ச்சியில், தன்னை எழுப்பி நிறுத்திய உலகத்தையே சேர்த்துச் சொல்வதுபோல் என் மகள் சொன்னாள். முதலில் சிரித்தது அந்தப் பையன்தான். பிறகு எல்லாப் பிள்ளைகளும் தம்ளரைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் அப்படிக் குலுங்கிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. மேசைக்கு அடியிலிருந்து சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

முடிந்ததும் தலைவர் கோபமாக வந்தார். டிவியில் வைத்து என் பையனைத் தப்பு என்று எப்படிச் சொல்லலாம் என்றார்.

"வாய் தவறி வந்துடுச்சு சார், மன்னிச்சுக்குங்க" என்றார் இவர்.

தலைவர் கொஞ்சம் தணிந்தார். பிறகு சந்தேகத்தோடு அவர் மீசையையே உற்றுப் பார்த்தார். "ஆனா ஒண்ணு சார். இன்னிக்கு உங்க லிப்ஸ் அசையவே இல்ல. மாம்பழம்னு சொல்றப்பக்கூட அசையல. எப்படி சார்?"

"பிராக்டிஸ்" என்றார்.

அதாவது, அவர் ஜெனிக்காகப் பேசியபோது ஜெனிதான் பேசினாள் என்று எல்லாரும் நம்பினார்கள். ஜெனி பேசியபோது அவர்தான் பேசினார் என்று நம்பினார்கள். முதல் தடவை பாராட்டு எங்களுக்கு வந்தது. இரண்டாவது தடவை அவருக்கு. இரண்டாவது பாராட்டு அவருக்கு எவ்வளவு கூச்சமாக இருந்தது என்பதை நான் மட்டும்தான் பார்த்தேன். அன்றுதான் எனக்கு அவர்மேல் இருந்த கோபம் போனது.

ஜெனி மறுநாளே எல்லாரிடமும் பேசிவிடவில்லை. அப்படி நடப்பதெல்லாம் கதையில்தான். பல மாதம் மேசைக்கு அடியில் இருந்தாள். பிறகு நூலகத்தில் ஒரு பெண்ணிடம் கிசுகிசுத்தாள். பிறகு பள்ளியில் ஒரு தோழியிடம். அது வருஷக்கணக்கில் நடந்தது. நிகழ்ச்சி நின்று, அவர் மகனோடு இருக்க டெக்சாஸ் போனபோது, தங்கராசுவை அவளுக்கே கொடுத்துவிட்டுப் போனார். என்னிடம் சொல்லிக்கொண்டு போகும்போது, நீங்கள் அன்றைக்கு வந்து திட்டியது நல்லதாகப் போயிற்று என்றார். ஆமாம் என்றேன். உண்மைதானே.

ஜெனி இப்போது மேற்குக் கரையில், பே ஏரியாவில் இருக்கிறாள். லிவர்மோரில் வேலை. தினமும் மலையைத் தாண்டிக் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது என்னோடு போனில் பேசுவாள். நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டாள்.

போன வாரம் அவருக்கு ஆன்லைனில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். நடத்தியது அதே தலைவர், இப்போது முன்னாள் தலைவர். இன்றைக்கு எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிடப்போகிறேன் என்று ஜெனியிடம் முன்கூட்டியே சொன்னேன். "அம்மா, நீ சண்டை போடாத. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

ஆளாளுக்குப் பேசினார்கள். எல்லாரும் மியூட்டில் பேசத் தொடங்கி, கேட்கல கேட்கல என்று கையாட்டிய பிறகு மறுபடி தொடங்கினார்கள். முன்னாள் தலைவர் பழைய டேப்பிலிருந்து ஒரு துண்டைப் போட்டார். எது என்று சொல்ல வேண்டியதில்லை. தப்பு, தப்பு, தப்பு, மாம்பழம். அதே இடத்தில் படத்தை நிறுத்தி, "பாருங்க, மீசைகூட அசையல. இதுதான் கலை. இந்த மாதிரி வாய்ஸ் யாருக்கு வரும், சொல்லுங்க" என்று கேட்டார்.

அவ்வளவுதான் எனக்குப் பொறுமை. மியூட்டை எடுக்கப் போனேன்.

அதற்குள் மூக்கால் பேசும் குரல் ஒன்று வந்தது.

"எனக்குத் தெரியாது. நீ சொல்லு."

எல்லாக் கட்டங்களிலும் முகங்கள் நிமிர்ந்தன. முன்னாள் தலைவர் திடுக்கிட்டுத் தன் ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தார். யாருங்க அது, டேப் இன்னும் ஓடுதா என்று கேட்டார். பேர்லேண்ட் கட்டத்தில் அவர் மகன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பேசுகிறவருடைய கட்டத்தைச் சுற்றி மஞ்சள் கோடு வரும். கோடு ஜெனியைச் சுற்றி இருந்தது. அவள் கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். குரல் திரும்பவும் வந்தது. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் போய்ப் பார்த்தேன்.

அவளுக்கு உதடு அசையவில்லை. அவருக்குத்தான் அசையும்.